அடிபட்டால் மறைக்காதே!

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

போன வாரம் தலைமையாசிரியர் என் வீட்டுக்கு வந்தார். “டிரெஸர் ஐயா, இந்த ஆண்டு நீங்கள்தான் பேச வேண்டும்” என்றார். “கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசட்டுமா?” என்று கேட்டேன். “அதைப் பேச நாங்கள் இருக்கிறோம். நீங்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். எனக்கு ஒரே வியப்பு. பிறகுதான் விவரம் தெரிந்தது.

நம் தோட்டத்தில் பந்து என்றால் கால்பந்துதான். கிரிக்கெட் ஆடினாலும் டென்னிஸ் பந்து, பலகை மட்டை, பழைய டின்தான் ஸ்டம்பு. இந்த ஆண்டு நம் இளம் ஆசிரியர் ஒருவர் கெட்டிப் பந்து வாங்கி வந்து, ஒரு குழுவை உருவாக்கிப் பயிற்சி கொடுத்தார். நல்ல முயற்சி. ஆனால் போன மாதம் ஒரு பிள்ளைக்கு உதடு கிழிந்து இரண்டு தையல் போட்டார்கள். மறுநாள் பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து, “படிக்க அனுப்பினோமா, பல்லை உடைக்க அனுப்பினோமா?” என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் நம் வாலிபர்கள், “பந்துக்குப் பயந்தவனுக்கு மட்டை எதுக்கு? ரெண்டு அடி வாங்கினாத்தான் வீரம் வரும்” என்கிறார்கள்.

இரு தரப்பாரும் இந்தக் கிழவன் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். நான் வாலிபத்தில் கிரிக்கெட் ஆடியவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டவன். ஆகவே இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் பந்தைப் பார்ப்போம். நடுவில் தக்கை. அதைச் சுற்றி இறுக்கிய நூல். அதற்கு மேல் தோல், தோலைச் சேர்த்துத் தைத்த தடித்த தையல். பெரியவர்கள் ஆடும் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரை உள்ள சிறிய பந்து. எடை குறைவுதானே என்று நினைக்காதீர்கள். கையில் வாங்கி அழுத்திப் பாருங்கள், மரக்கட்டை மாதிரி இருக்கும்.

ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம். வீசுகிறவர் கால் வைக்கும் கோட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் கோட்டுக்கும் இடையே 58 அடி. லயத்து வீட்டில் ஐந்தாறு வாசல் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத் தரமான வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வீசுவார். நம் நெடுஞ்சாலையில் 110-ஐத் தாண்டினாலே சம்மன் வரும்! 2003 உலகக் கிண்ணப் போட்டியில் பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் வீசிய ஒரு பந்து 161.3 கிலோமீட்டர் என்று பதிவானது.

அந்த வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை வினாடிகூட ஆகாது. “அம்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வந்துவிடும். அந்த அரை வினாடிக்குள் கண் பார்க்க வேண்டும், மூளை முடிவு செய்ய வேண்டும், உடம்பு அசைய வேண்டும். கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்குவதற்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வினாடி போய்விடும். மீதி எவ்வளவு என்று நம் கணக்கு ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ‘பவுன்சர்’ என்று ஒரு வகை உண்டு. பந்தைப் பாதி வழியில் ஓங்கிக் குத்தினால், அது எழும்பி நெஞ்சுக்கும் தலைக்கும் வரும். ஆட்ட விதி இதை அனுமதிக்கிறது. ஆனால் அளவு வைத்திருக்கிறது. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு ஓவரில் தோளுக்கு மேல் எழும் பந்து இரண்டுக்கு மேல் கூடாது. மட்டையாளருக்கு ஆபத்து என்று நடுவர் கருதினால் தடுத்து எச்சரிக்கலாம்.

சரி, பந்து யாரைத் தாக்குகிறது? ஆடத் தெரியாதவனை மட்டுமா? இல்லை. வல்லவனையும் தாக்கும்.

1962 மார்ச் மாதம் இந்தியக் குழு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருந்தது. தலைவர் நாரி காண்ட்ராக்டர், வயது 28. பார்படோஸ் குழுவுக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவர் தலையில் பட்டு மண்டையோடு உடைந்தது. அந்தக் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. அந்த நேரத்தில் மைதானக் கட்டடத்தில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள், அதில் தம் கவனம் ஒரு கணம் சிதறியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு கணம்தான்! அவசர அறுவை செய்தார்கள். இரத்தம் தேவைப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகள் குழுவின் தலைவர் ஃபிராங்க் வொரெல் முன்வந்து தம் இரத்தத்தைக் கொடுத்தார். இந்திய ஆட்டக்காரர்கள் சிலரும் கொடுத்தார்கள். காண்ட்ராக்டர் உயிர் பிழைத்தார். முதல் தர ஆட்டங்களுக்குத் திரும்பவும் வந்தார். ஆனால் டெஸ்ட் ஆட்டம் அவருக்கு மறுபடி கிடைக்கவே இல்லை. அவர் தலையில் வைத்த உலோகத் தகட்டை 60 ஆண்டு கழித்து, 2022-இல்தான் எடுத்தார்கள்.

வொரெல் கொடுத்த இரத்தத்தை வங்காளத்துக் கிரிக்கெட் சங்கம் மறக்கவில்லை. அவர் பெயரால் ஆண்டுதோறும் பிப்ரவரி 3-ஆம் நாள் இரத்ததான முகாம் நடத்துகிறது. களத்தில் எதிரி, கட்டிலில் சகோதரன். விளையாட்டு கற்றுத்தரும் பாடம் இதுதான்.

இன்னொன்று சொல்கிறேன். 1975 பிப்ரவரி, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம். கடைசி ஆட்டக்காரராக இறங்கியவர் இவன் சாட்ஃபீல்ட். பந்து வீசுவதுதான் அவர் வேலை, மட்டை பிடிப்பது அல்ல. இங்கிலாந்தின் பீட்டர் லீவர் வீசிய பந்து அவர் கையுறையில் பட்டுத் தெறித்து நெற்றிப் பொட்டில் அடித்தது. விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. இங்கிலாந்துக் குழுவின் உடற்பயிற்சி மருத்துவர் பெர்னார்ட் தாமஸ் ஓடிவந்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தி, போன உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார். பந்து வீசிய லீவர் தான் ஒருவனைக் கொன்றுவிட்டதாக நினைத்துத் திடலிலேயே அழுதார். சாட்ஃபீல்ட் பிழைத்து, அதற்குப் பிறகும் பல ஆண்டு தம் நாட்டுக்காக ஆடினார்.

அதே 1975 ஜூன் மாதம் லண்டனில் முதல் உலகக் கிண்ணப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சன் புயல் மாதிரி வீசுகிறார். எதிரே இலங்கை. துலீப் மெண்டிஸ் தலையில் அடிபட்டார், சுனில் வெத்திமுனி காலில் அடிபட்டார். இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்படியும் இலங்கை துவளாமல் 4 விக்கெட்டுக்கு 276 ஓட்டம் எடுத்தது. அன்று தோற்றாலும் மதிப்பைச் சம்பாதித்தது.

பெரியவர்களே, 1973-இல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசச் சட்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? “தலை வேர்க்குது, காது கேக்கல” என்று எத்தனை பேர் முணுமுணுத்தோம்! இன்று அது இல்லாமல் வாசலைத் தாண்டுகிறோமா? கிரிக்கெட்டிலும் அதே கதைதான். 1977-இல் டென்னிஸ் ஆமிஸ் என்ற இங்கிலாந்து வீரர் மோட்டார் சைக்கிள் கவசம் போன்ற ஒன்றை அணிந்துகொண்டு ஆட வந்தார். 1978-இல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் கவசம் அணிந்தபோது பார்வையாளர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களின் பிள்ளைகள் பிற்காலத்தில் அதை அணிந்துகொண்டுதான் ஆடினார்கள்.

ஆனால் கவசம் போட்டால் போதும், இனி ஆபத்தே இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம். 2014 நவம்பர் 25-ஆம் நாள் சிட்னி மைதானத்தில் பிலிப் ஹியூஸ் என்ற இளைஞர் 63 ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தார். தலையில் கவசம் இருந்தது. வந்த பவுன்சரை அடிக்கத் திரும்பியபோது, பந்து கவசத்துக்குக் கீழே கழுத்தில் பட்டது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. 26-ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. யார் மீதும் குற்றமில்லை, அது விபத்து என்று 2016-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. பிறகு கவசத்தின் பின்பக்கம் கழுத்துக் காப்பு வைத்தார்கள். 2023 அக்டோபர் முதல் வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது அதை அணிவதை ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது.

கடைசியாக ஒன்று. இதைப் பெற்றோர் நன்றாகக் கேட்க வேண்டும். 2019 ஆகஸ்ட், லண்டன் லார்ட்ஸ் மைதானம். ஸ்டீவ் ஸ்மித் 80 ஓட்டத்தில் இருந்தபோது ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தில் அடித்தது. விழுந்தார், எழுந்தார், வெளியே போனார். மருத்துவர்கள் சோதித்தார்கள். தெளிவாக இருந்தார். திரும்பவும் ஆட வந்து 92-இல் ஆட்டமிழந்தார். ஆனால் மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள் மறுநாள் காலையில்தான் தெரிந்தன! உடனே அவரை நிறுத்தி, புதிய விதியின்படி வேறொருவரை ஆட விட்டார்கள். டாக்டர்கள் புடைசூழ இருந்த உலக வீரனுக்கே ஒரு ராத்திரி கழித்துத்தான் தெரிந்தது என்றால், நம் திடலில் ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கு?

இப்போது என் கதைக்கு வருகிறேன். பெருமையோடு சொல்லும் கதை அல்ல இது.

எழுபதுகளின் இறுதி. பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நம் தோட்டத்துப் பையன் ஒருவன், வயது 14, மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கெட்டிப் பந்து இடது காதுக்கு மேலே பட்டதாம். கொஞ்சம் வீங்கியிருந்தது. “மயக்கம் வந்துச்சா?” என்று கேட்டேன். “இல்லீங்க ஐயா, லேசாத்தான் பட்டுச்சு” என்றான். நடந்தான், சிரித்தான், பேசினான். எனக்கு அன்று காலை ஐந்து மணியிலிருந்து வேலை. இரண்டு வலி மாத்திரை கொடுத்து, “போய்ப் படுத்துத் தூங்கு, சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டேன்.

அவன் பொய் சொல்லியிருந்தான். திடலில் விழுந்து ஒரு நிமிடம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். வரும் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறான். ஏன் மறைத்தான்? முன்னொரு முறை கை வீங்கி வீட்டுக்குப் போனபோது, “விளையாடப் போய் அடி வாங்கிட்டு வந்து நிக்கிறியா?” என்று அப்பா பெல்ட்டை எடுத்திருக்கிறார். இந்த முறை சொன்னால் மட்டையை அடுப்பில் வைத்துவிடுவார் என்று பயம்.

நள்ளிரவில் அவன் அம்மா வந்து கதவைத் தட்டினார். “ஐயா, புள்ள எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குது!” ஓடினேன். விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தேன். ஒரு கண்ணின் பாவை சின்னதாக, இன்னொன்று பெரிதாக விரிந்திருந்தது. என் கால் நடுங்கியது. காதுக்கு மேலே உள்ள எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கம் ஒரு இரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு உடைந்து அது கிழிந்தால், சில மணி நேரம் பிள்ளை நன்றாகவே இருப்பான். உள்ளே இரத்தம் சேரச் சேர மூளை நசுங்கும். இது எனக்குத் தெரியாததா? படித்தவன்தான். ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை இரண்டாம் முறை கேட்கவில்லை. கூட வந்த பையன்களை விசாரிக்கவில்லை. இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

மானேஜரின் வண்டியில் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். விடியும் முன் அறுவை நடந்தது. பையன் பிழைத்தான். ஒரு வருடப் படிப்பு போயிற்று. வலது கை விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்காது. அவன் அப்பா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, “நான் அடிச்சதாலதானே மறைச்சான்” என்று தலையில் அடித்துக்கொண்டது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அவரை விடப் பெரிய பாரம்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! வேகப்பந்தில் இருக்கும் பெரிய ஆபத்து எது என்று கேட்டால், பந்து என்று நான் சொல்லமாட்டேன். மறைத்த அடிதான் பெரிய ஆபத்து. அடிபட்டு வந்த பிள்ளையை அடிக்காதீர்கள். திட்டாதீர்கள். “எங்கே பட்டுச்சு, எப்படிப் பட்டுச்சு” என்று மடியில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

தலையிலோ கழுத்திலோ பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மறுபடி இறக்கக்கூடாது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் மட்டை. அன்று முழுதும், இரவும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். நினைவு தப்பினாலும், வாந்தி எடுத்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், எழுப்பக் கஷ்டமாக இருந்தாலும், பேச்சு குழறினாலும், வலிப்பு வந்தாலும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலும், பாவை இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டாலும், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலவோ இரத்தமோ வடிந்தாலும், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சூடு, திருஷ்டி என்று காரணம் தேடாதீர்கள். 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தலைக்கவசம், கையுறை, கால் காப்பு, இடுப்புக் காப்பு இல்லாமல் கெட்டிப் பந்தைக் கையில் எடுக்கவேண்டாம். கவசம் தலைக்குப் பொருந்தவேண்டும். பெரியவன் கவசம் சின்னவன் தலையில் ஆடினால், முகக் கம்பிக்கும் நெற்றி விளிம்புக்கும் நடுவில் பந்து நுழையும். பலத்த அடி வாங்கிய கவசத்தை மாற்றிவிடுங்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் கவசத்தைப் போட்டு அனுப்பாதீர்கள், அது வேறு வகை அடிக்குச் செய்தது. மேடுபள்ளமான தரையில் வேகமாக வீசவிடாதீர்கள். மட்டை பிடிக்கத் தெரியாத கடைசிப் பிள்ளைக்குத் தலை உயரத்தில் வீசுவது வீரம் அல்ல. ஆசிரியர்களில் இருவராவது முதலுதவி படித்திருக்கவேண்டும். ஆக்லாந்தில் ஒரு உயிர் பிழைத்தது அதனால்தான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இரண்டு வார்த்தை. பயம் வெட்கப்படவேண்டிய விஷயம் இல்லை. காண்டா வாளி தூக்கிக்கொண்டு நிரையில் போகும்போது பாம்பு வந்தால் நாம் கண்ணை மூடிக்கொள்வோமா? பார்த்துக்கொண்டே ஒதுங்குவோம். பந்துக்கும் அப்படித்தான். கண்ணை எடுக்காதே. முகத்தைத் திருப்பிப் பிடரியைக் காட்டாதே. குனி, அல்லது சாய்ந்து விலகு. வீசுகிற தம்பி, உன் பந்து ஒருவனைத் தாக்கினால் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டியவன் நீ. அடிபட்டால் ஆசிரியரிடம் சொல். கூட்டாளி அடிபட்டு மறைத்தால் நீ போய்ச் சொல். அது கோள் அல்ல, உயிர் காக்கும் காரியம்.

குழுவைக் கலைக்கலாமா, நடத்தலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் யோசித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு வருமுன் நான் ஒருவரைப் பார்க்கப் போனேன். அந்தப் பையன்தான். இன்று அவர் தாத்தா. அவருடைய பேரன் நம் பள்ளிக் குழுவில் ஆடுகிறான். “என்னப்பா சொல்றே, நிறுத்திடலாமா?” என்று கேட்டேன். மடங்காத அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வெளையாடட்டும் ஐயா. கவசம் வாங்குறதுக்கு என் பங்கு முதல்ல. ஆனா அடிபட்டா மறைக்கக்கூடாதுன்னு நீங்க மேடையில சொல்லணும். நான் மறைச்சேன், நீங்க கேக்கல. ரெண்டு பேருக்கும் அது போதும்.”

சொல்லிவிட்டேன். என் பங்கையும் இந்த மேடையிலேயே தலைமையாசிரியரிடம் கொடுக்கிறேன். மீதி உங்கள் கையில்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நன்றாக விளையாடட்டும், முழுதாக வீடு வந்து சேரட்டும்.